ஏபிசிடி சொல்கிறான், தண்ணீர் கேட்கத் தெரியவில்லை

கேள்வி: மகனுக்கு 2 வயது 3 மாதம். அம்மா, தா, காக்கா என்று ஏழெட்டு வார்த்தைகள்தான் பேசுகிறான். செல்போனில் ரைம்ஸ் போட்டால்தான் சாப்பிடுவான். ஏபிசிடி முழுக்க சொல்கிறான், ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் அழுகைதான். "இவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். செல்போன் மூளையைக் கெடுத்துவிடும் என்று ஆராய்ச்சியிலேயே வந்திருக்கிறது என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். ரைம்ஸ் போட்டால் ஓடி வருகிறானே, காது கேட்காமலா என்று நினைப்பீர்கள். சத்தம் கேட்பது வேறு, பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகளைப் பிரித்துக் கேட்பது வேறு. சளி அடிக்கடி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டாலே கேட்கும் திறன் மங்கிவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாது.

இந்த வயதில் சுமார் 50 சொற்கள் வந்து, "பால் தா", "அப்பா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதனால் இது தாமதம்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா, நாயைப் பார்த்தால் உங்களையும் பார்க்கச் சொல்லிக் காட்டுகிறானா? இவை இல்லையென்றால் ஆட்டிசத்துக்கான பரிசோதனையும் செய்ய வேண்டும். குடும்பத்தில் தாமதமாகப் பேசுகிறவர்கள் இருப்பது உண்டு, மாமியார் கதை கட்டவில்லை. ஆனால் அதை நம்பி மூன்று வயது வரை காத்திருக்காதீர்கள், பயிற்சிக்கு நல்ல காலம் இதுதான்.

சரி, கணவர் சொன்ன ஆராய்ச்சிக்கு வருவோம். 2020இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 47 குழந்தைகளுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்திருந்தார்கள். 3 முதல் 5 வயது. அதிகம் திரை பார்த்தவர்களின் மூளையில் மொழிக்கான நரம்பு இழைகளின் கட்டமைப்பு சற்றுக் குறைவாக இருந்தது. 47 பேர், ஒரே ஒரு முறை எடுத்த படம். இதை வைத்து "கெட்டுவிட்டது" என்று சொல்ல முடியாது. இதைவிடப் பெரியது 2023இல் வந்த ஜப்பான் ஆய்வு, 7,097 தாய்-சேய் ஜோடிகள். ஒரு வயதில் திரை நேரம் கூடக்கூட, 2 வயதிலும் 4 வயதிலும் தகவல் தொடர்பிலும் சிக்கலைத் தீர்ப்பதிலும் பின்தங்கும் வாய்ப்பு கூடியிருந்தது. ஆனால் இந்த ஆய்வுகளிலெல்லாம் ஒரு முடிச்சு உண்டு: அடம்பிடிக்கிற பிள்ளைக்கும் பேச்சு குறைவான பிள்ளைக்கும்தான் போன் அதிகமாகக் கையில் போகிறது, வீட்டு வேலைக்கு ஆள் துணையில்லாத அம்மாதான் அதிகம் கொடுக்கிறார். எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2024இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு. 220 குடும்பங்களில் குழந்தைகளின் சட்டையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்து நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். மூன்று வயதில், திரை நேரம் ஒரு நிமிடம் கூடினால் பெரியவர்கள் சொல்லும் சொற்களில் ஏறக்குறைய 7 குறைந்தன, பிள்ளையின் குரலும் 5 முறை குறைந்தது. போன் ஓடும்போது நீங்களும் பேசுவதில்லை, அவனும் பேசுவதில்லை, அவ்வளவுதான் விஷயம். 2003இல் சியாட்டிலில் 9 மாதக் குழந்தைகளுக்கு சீன மொழியை நேரில் பேசிக் காட்டியபோது அதன் ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள், அதே ஆட்கள் டிவியில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. உங்கள் பையனின் ஏபிசிடியும் இந்தக் கணக்குதான். ஒப்பிக்கிறான். யாரிடமும் எதையும் கேட்கவோ சொல்லவோ அது உதவவில்லை.

2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். உங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் சாப்பாட்டு நேரமாக இருக்கக் கூடாது. போனை நிறுத்தினால் நாலைந்து நாள் அழுது ஆர்ப்பாட்டம் செய்வான், இரண்டு வாய் குறைவாகச் சாப்பிடுவான், நன்றாக விளையாடுகிற பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. தட்டை அவன் முன்னால் வைத்து, "இட்லி சூடா இருக்கு, ஊது" என்று சொல்லிவிட்டு அவன் எதையாவது சொல்லும்வரை கொஞ்சம் காத்திருங்கள். பெரும்பாலான பெற்றோர் இந்தக் காத்திருப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள், கேள்வியும் பதிலும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம், யாரும் பார்க்காமல் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும் அணையுங்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது இதில் சேராது, அவன் சத்தம் போட்டால் எதிர்முனையில் ஒருவர் பதில் சொல்கிறாரே.

பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று கேளுங்கள், காதுப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைக்க வாய்ப்புண்டு. போனை நிறுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று தள்ளிப்போடாமல் இரண்டையும் இந்த வாரமே தொடங்குங்கள். இருக்கிற வார்த்தைகளையும் விட்டுவிடுகிறான் என்று தெரிந்தால் முன்பதிவுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், நேரே குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.