விறகு அடுப்பு வாங்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எரிவாயுச் செலவைக் குறைக்க, கொல்லைப்புறச் சமையலறையில் விறகு அடுப்பு வைக்க எண்ணுகிறோம். கையில் மூவாயிரம் ரூபாய் உள்ளது. எந்த அடுப்பு வாங்கலாம்?

அந்தப் பணம் முழுவதையும் அடுப்புக்கே செலவிட வேண்டாம் என்பது என் முதல் யோசனை. சமைக்கும் இடம் சுவரும் கூரையும் உள்ள அறையாக இருந்தால், பாதிக்கு மேல் புகைபோக்கிக்கு ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் தொகையில் அடுப்பைத் தேடுங்கள்.

மூன்று கற்களைக் கூட்டி எரிக்கும்போது விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்தைச் சேர்கிறது. எடுத்துச் செல்லத்தக்க அடுப்புகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13152, 2013-இல் திருத்தப்பட்டபோது, விசிறி இல்லாதவற்றுக்குக் குறைந்தது 25 சதவீதமும், மின்விசிறி பொருத்தியவற்றுக்கு 35 சதவீதமும் வெப்பத்திறன் இருக்க வேண்டும் என வரையறுத்தது. விசிறி அடுப்பு புகையையும் வெகுவாகக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் விறகைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட வேண்டும். விசிறியோ பேட்டரியோ பழுதானால் பக்கத்து ஊர்ப் பட்டறையில் சரிசெய்ய முடியாமல் போகலாம். நாள்தோறும் சோறும் குழம்பும் வைக்கும் வீட்டுக்கு, முன்னடுப்போடு பக்கத்தில் இன்னொரு வாயாகக் கொடியடுப்பும் சேர்த்து, புகைபோக்கியோடு இணைத்துக் கட்டிய அடுப்பையே நான் பரிந்துரைப்பேன். முன்னடுப்பில் தப்பும் வெப்பம் கொடியடுப்பில் வெந்நீர் போடவோ பருப்பு வேகவைக்கவோ உதவும்.

எந்த அடுப்பானாலும், நீங்கள் வழக்கமாகப் புழங்கும் பானையைக் கடைக்கு எடுத்துச் சென்று வைத்துப் பாருங்கள். பானைக்கும் அடுப்பின் விளிம்புக்கும் இடையே ஒரு விரல் தடிமன் இடைவெளி போதும். பானையைத் தாங்கும் குமிழ்கள் உயரமாக இருந்தால் தீ பக்கவாட்டில் வீணாகும். தாழ்வாக இருந்தால் மூச்சடைத்துப் புகையும். விறகுக்கு அடியில் காற்றுப் புகக் கம்பித் தட்டு இருக்க வேண்டும். உட்புறத்தில் மண்பூச்சோ தீச்செங்கல்லோ இல்லாத மெல்லிய தகர அடுப்பு மலிவாகத் தோன்றினாலும் வெகுவிரைவில் அரித்து ஓட்டை விழும்; தொட்டவர் கையையும் சுடும்.

பழைய பெயின்ட் டிரம்மை வெட்டி அடுப்பாக்கலாமா?

வேண்டாம். பெயின்டோ ரசாயனமோ இருந்த டிரம்மின் பூச்சு எரியும்போது எழும் புகை நஞ்சானது. மூடிய டிரம்மை வெல்டிங் தீயால் வெட்டுவது, உள்ளே தேங்கிய ஆவி வெடித்து உயிரைப் பறிக்கும் வேலை. துத்தநாகம் பூசிய தகரத்தையும் நெருப்பு நேரடியாகப் படும் இடத்தில் பயன்படுத்தக் கூடாது.

புகைபோக்கி வைத்தும் புகை சமையலறைக்குள்ளேயே திரும்புகிறது. எங்கே தவறு? மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

இந்த முறை வந்த கேள்விகளில் மிகுதியானவை இதைப் பற்றியவையே என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சூடான புகை லேசானது என்பதால் மேலே ஏறுகிறது. குழாய் உயரமாகவும் உள்ளே சூடாகவும் இருக்கும் வரைதான் அந்த இழுவை நீடிக்கும். குழாய் குறுகலாக இருப்பது, நடுவே வளைவுகள் மிகுந்திருப்பது, கூரைக்கு மேல் போதிய உயரம் இல்லாதது, உள்ளே கரி அடைந்திருப்பது ஆகிய நான்கில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். வீட்டு அடுப்புக்கு நான்கு அங்குல உள்விட்டம் குறைந்தபட்சம் தேவை. இரண்டு வளைவுகளுக்கு மேல் வைக்காதீர்கள். செங்கோண முழங்கையைவிடச் சாய்வான வளைவு நல்லது. குழாய் கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடியாவது மேலே நிற்க வேண்டும். பத்தடி தொலைவுக்குள் கூரை முகடோ பக்கத்துச் சுவரோ இருந்தால் அதைவிட இரண்டு அடி உயர வேண்டும். இல்லையேல் முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று புகையைத் திரும்பவும் உள்ளே தள்ளும். மழைத்தொப்பி வாய்க்கு மிக நெருங்கி இருந்தாலும் இதே தொல்லைதான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளை போடாதீர்கள். அறுக்கும்போது பறக்கும் நார்த்தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. குழாயைச் சுவர் வழியே வெளியே கொண்டுபோய், அங்கிருந்து நிமிர்த்தி ஏற்றுங்கள். முன்பெல்லாம் புகையில்லா அடுப்புகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயையே பொருத்தினார்கள். இப்போது அதையும் தவிர்ப்பதே முறை. அடுப்பை ஒட்டிய முதல் பகுதிக்குத் துத்தநாகம் பூசாத கனமான இரும்புக் குழாயும், மேற்பகுதிக்குத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் போதும்.

குழாயின் அடியில் கரியை எடுக்க மூடியுள்ள ஒரு திறப்பை மறக்காமல் வையுங்கள். 1980-களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கான அடுப்புகள் அமைக்கப்பட்டதாகக் கணக்கு உண்டு. அவற்றில் பெரும்பங்கு கைவிடப்பட்டதற்கு, அமைத்தபின் பழுதுபார்க்க ஆளில்லாமல் போனது ஒரு முக்கியக் காரணம். நாள்தோறும் எரிக்கும் வீட்டில் மாதம் ஒருமுறை குழாயைத் தட்டிக் கரியை இறக்குவது நல்லது. தடித்துப் படிந்த கரி தீப்பிடித்தால் குழாயே செந்தணலாகிவிடும்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை புகையில்தான் சமைத்தது. புகைபோக்கி அவ்வளவு அவசியமா?

அவசியம். வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களில் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். முந்தைய தலைமுறைப் பெண்களின் ஓயாத இருமலையும் இளைப்பையும் வயதின் கோளாறு என்றே பலரும் கடந்துவிட்டோம்.

கீற்றுக் கொட்டகையில் அடுப்பு வைக்கலாமா?

கீற்றின் ஊடே குழாயை ஏற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குள் கீற்று, மரத்தூண், துணி, விறகுக் குவியல் எதுவும் இருக்கக் கூடாது. கொட்டகையை விட்டு விலகி, அடுப்புக்கு மேல் மட்டும் தகரக் கூரை போட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

எந்த விறகு நல்லது?

மரத்தின் பெயரைவிட அதன் ஈரமே முக்கியம். பாதி எடை நீராக இருக்கும் பச்சை விறகு கிலோவுக்கு 8 மெகாஜூல் அளவே வெப்பம் தரும். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கினால் அது 14, 15 மெகாஜூலாக உயரும். அதாவது பச்சை விறகை வாங்குபவர் தண்ணீருக்கும் விலை கொடுக்கிறார். சவுக்கும் சீமைக் கருவேலமும் நன்றாக நின்று எரியும். பிளந்து, தரையில் படாமல், மழை படாத காற்றோட்டமான இடத்தில் ஆறு மாதம் அடுக்கி வையுங்கள். ஒரு கட்டையில் அடையாளமிட்டு வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் விறகு காய்ந்துவிட்டது. அரளிக் கட்டையை எரிக்கவே கூடாது, அதன் புகையும் நஞ்சு. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதுவும் அடுப்புக்கு ஆகாது.

உதகையில் இருக்கிறோம். இரவுக் குளிருக்கு அறைக்குள் இரும்பு அடுப்பு வைக்கலாமா? கரிச் சட்டி மலிவாகக் கிடைக்கிறதே?

கரிச் சட்டி கூடவே கூடாது. கரி புகையாமல் எரிவதால் அபாயமில்லை என்று தோன்றும். உண்மையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. அறையை அடைத்துக் கரி மூட்டிவிட்டு உறங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகள் நம் மலையூர்களிலிருந்தே வந்திருக்கின்றன. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றினால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

கதவு மூடக்கூடிய, புகைபோக்கி பொருத்திய இரும்பு அடுப்பை வைக்கலாம். செங்கல் அல்லது கல் தளத்தின் மேல், சுவர்ப் பலகையிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் மூன்றடி விலக்கி வையுங்கள். வெளிக்காற்று வர ஒரு திறப்பு எப்போதும் இருக்கட்டும். தணல் நீண்ட நேரம் இருக்க வேண்டுமென்று புகைபோக்கியின் தடுப்பை முழுவதும் மூடிவிடுவது, கரிச் சட்டியை அறைக்குள் கொண்டுவந்ததற்குச் சமம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறையில் பொருத்துவது நல்ல செலவு.

எரிவாயு அடுப்பும் விறகு அடுப்பும் ஒரே அறையில் இருக்கலாமா?

கூடாது. கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து எரியும் விறகை எட்டிவிடும். உருளையும் விறகு அடுப்பும் வெவ்வேறு அறைகளில் இருக்க வேண்டும்.

சாம்பலை எப்போது அள்ளலாம்?

மறுநாள் காலையிலும் அடியில் தணல் உயிரோடு இருக்கக் கூடும். ஆகவே பிளாஸ்டிக் வாளியிலோ அட்டைப் பெட்டியிலோ அள்ளாமல், மூடியுள்ள இரும்புத் தகரத்தில் அள்ளி வீட்டுக்கு வெளியே வைத்து, இரண்டு மூன்று நாள் ஆறியபின் பாத்திரம் துலக்கவோ தென்னைக்கு இடவோ எடுத்துக்கொள்ளுங்கள்.