கொட்டியது கடை, கறை யாருக்கு? – கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி): சாப்பாட்டுக் கடையில் பரிமாறின தம்பி என் பட்டுச் சேலையில் பருப்புக்கறியைக் கொட்டிவிட்டார். முதலாளி "தண்ணி போட்டுத் துடையுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பதில்: துடைக்காதீங்கோ அக்கா. தேய்த்தால் எண்ணெயும் மஞ்சளும் இழைக்குள் இறங்கிவிடும். கரண்டியின் முதுகால் பருப்பை வழித்தெடுங்கள். சேலைக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி வைத்து, மேலே இன்னொன்றால் ஒற்றுங்கள். பிறகு முகப்பவுடரைத் தடிப்பாகத் தூவி அரை மணித்தியாலம் விட்டால் எண்ணெயை உறிஞ்சிவிடும். சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். அதன் காரம் பட்டால் மஞ்சள் சிவந்துபோகும். தேசிக்காய் சரிகையைக் கறுப்பாக்கும். வெயிலில் மஞ்சள் மங்கும்தான், ஆனால் பட்டின் சாயமும் சேர்ந்து மங்கும். உலர்சலவைக்குக் கொடுக்கும்போது "பருப்புக்கறி, தேங்காய்ப்பால் விட்டது" என்று சொல்லிக் கொடுங்கள்.

இதெல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை, காசுமேசையை விட்டு நகரமுன் எழுத்து வாங்குவது. பில்லின் பின்பக்கத்தில் திகதி, நேரம், என்ன கொட்டியது, எதில் கொட்டியது என்று எழுதி ஒரு கையெழுத்து. அவர் போடாவிட்டால் நீங்களே எழுதி, கறையோடு சேர்த்துப் படம் எடுங்கள். புதுச் சேலை விலையைக் கேட்காதீர்கள், முதலில் சலவைக் கூலி. கறை போகாவிட்டால் பாவித்த சேலைக்குள்ள பெறுமதி.

கேள்வி (நிலாவெளி): போன் சொதிக்குள் விழுந்தது. அரிசிக்குள் போட்டிருக்கிறேன்.

பதில்: எடுங்கள் தம்பி. அரிசி உப்பை உறிஞ்சாது, மாத்தூள்தான் துளைக்குள் போகும். அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், சிம் தட்டைக் கழற்றுங்கள். சொதியில் உப்பும் தேங்காய்ப்பாலும் இருப்பதால் காய்ந்தாலும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை அரித்துப்போகும். அன்றைக்கே திறந்து ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவவேண்டும். திருத்துபவரிடம் காரணத்தையும் கூலியையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: "உடைமைகளுக்கு நாம் பொறுப்பல்ல" என்று பலகை போட்டிருக்கிறார்களே?

பதில்: மேசையில் மறந்துபோன குடைக்கு அந்தப் பலகை சரி. தங்கள் ஆளின் கவனக்குறைவுக்கு அது கவசமல்ல. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய இலங்கையின் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அப்படிக் கைகழுவுவது நியாயமானதா என்று பார்க்கப்படும்.

கேள்வி (மூன்று பேர், ஒரே கேள்வி): பில் கட்டாமல் வரலாமா?

பதில்: வரக்கூடாது. சாப்பிட்டதற்குக் காசு ஒரு கணக்கு, சேலை வேறு கணக்கு. "ஆட்சேபத்துடன் செலுத்தினேன்" என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

இடையில் ஒருவர்: அது கோழைத்தனம் ஐயா! காசு கையில் இருக்கும்வரைதான் முதலாளி காது கொடுப்பார்.

பதில்: காது கொடுப்பார், பொலிசுக்கும் சொல்லுவார். அங்கே போனால் சேலைக் கதை பின்னுக்குப் போய், நீங்கள் காசு கொடாத ஆள் ஆவீர்கள். பேசி விலையைக் குறைத்தால் குறைத்த பில்லைக் கையில் வாங்குங்கள். கடை விலை குறைத்ததற்கு அது சாட்சி.

அதே ஆள்: எங்கள் பக்கம் அப்படி ஒருத்தரும் எழுதித் தரமாட்டார்கள்.

பதில்: அதற்குத்தான் படம். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பில் கட்டாமல்…

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: எங்கே முறையிடுவது?

பதில்: பில் தர மறுத்தால், குறித்த விலைக்கு மேல் எடுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. நட்டஈட்டுக்கு, வழக்கில்லாமல் பேசித் தீர்க்கும் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, பில்லும் படமும்தான் பேசும்.

கேள்வி: திருக்கோணமலையில் நல்ல மீன் கொத்து எங்கே?

பதில்: இந்தத் திரியில் இல்லை.