போதையிலிருந்து மீள்வதைப் பற்றிய ராப் பாடல் எதுவும் உங்களுக்கு உண்மையிலேயே உதவியிருக்கிறதா?

உதவியிருக்கிறது. ஆனால் அது குடியை வென்றவனின் பெருமையைப் பாடும் பாடல் அல்ல. வென்றதாக எல்லாரும் நம்பிய ஒருவன் மறுபடி விழுந்ததைச் சொல்லும் பாடல். பெயர் ‘ஸ்டார்டிங் ஓவர்’. சியாட்டில் நகரத்து ராப் பாடகர் மாக்லமோர், இசையமைப்பாளர் ரயன் லூயிஸுடன் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ‘தி ஹைஸ்ட்’ தொகுப்பில் இருக்கிறது.

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். தம்பி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். குடி அவனைப் பிடித்துக்கொண்டது அங்கேதான். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவன், டாஸ்மாக் திறக்கும் பகல் 12 மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கர்நாடகக் கடைகள் அதற்கு முன்பே திறந்திருக்கும். சிறிய பாக்கெட்டில் மலிவாகவும் கிடைக்கும். காலையில் கை நடுக்கம் நிற்பதற்கே குடிக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டான். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் சேர்த்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது பழகிய இடம்தான். நரம்புக் கோளாறு, மனநோய் என்றால் பலரும் அங்கேதான் பஸ் ஏறுகிறார்கள். சிகிச்சை முடிந்து வந்தவன் ஓராண்டுக்கு மேல் தொடவே இல்லை.

அந்த ஓராண்டில் அவன் ஊருக்கே எடுத்துக்காட்டாகிவிட்டான். குடிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளில் எல்லாம் “அவனைப் பார், எப்படித் திருந்திவிட்டான்” என்ற பேச்சு. அம்மா கோயிலில் பொங்கல் வைத்தார். அதன் பிறகு ஒரு நெருங்கிய உறவினரின் கருமாதி நாளில், பங்காளிகளோடு உட்கார்ந்தவன் குடித்துவிட்டான். எங்கள் பக்கம் சாவு வீட்டில் சாராயம் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. “இன்றைக்கு ஒரு நாள்தானே” என்று கையில் கொடுப்பவர்கள் அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். அந்த அன்பை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வருவதை நிறுத்தினான். தொலைபேசியை எடுப்பதில்லை. மறைக்க மறைக்க இன்னும் குடித்தான்.

பெங்களூரில் படிக்கும் என் மகள்தான் இந்தப் பாடலை அனுப்பி, “மாமாவுக்குப் போட்டுக் காட்டுங்கள்” என்றாள். நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறவள். ஆனாலும் அந்த வேகத்தில் வரும் சொற்களைப் பிடிக்க, வரிகளை எழுதி வைத்துக்கொண்டு பலமுறை கேட்க வேண்டியிருந்தது. கெட்ட வார்த்தைகள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 

இதைப் புரிந்துகொள்ள மாக்லமோருடைய முந்தைய பாடல் ஒன்று தெரிய வேண்டும். 2009இல் வந்த ‘அதர்சைட்’. கோடீன் கலந்த இருமல் மருந்தைக் குளிர்பானத்தில் ஊற்றிக் குடிப்பது அமெரிக்க ராப் உலகில் பெருமையாகப் பாடப்பட்ட காலம் அது. பிம்ப் சி என்ற பாடகர் 2007 டிசம்பரில் இறந்தபோது, அந்த மருந்தும் ஒரு காரணம் என்று தெரியவந்தது. மாக்லமோரும் அதே மருந்தைக் குடித்து, போதைக்கு அடிமையாக இருந்து, 2008இல் சிகிச்சை எடுத்து மீண்டவர். ‘அதர்சைட்’ அந்த அனுபவத்திலிருந்து வந்தது. அதைக் கேட்டுப் போதையை விட்டதாக இளைஞர்கள் அவரிடமே வந்து சொன்னார்கள். பிறகு 2011இல் அவரே மறுபடி அதைக் குடித்துவிட்டார்.

‘ஸ்டார்டிங் ஓவர்’ அங்கே தொடங்குகிறது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்த விரதம் இரண்டு கோப்பையில் போய்விட்டது. போதையை விட்ட நாள் 2008 ஆகஸ்ட் 10 என்று பெருமையோடு சொல்லிவந்த தேதியை இனி மாற்ற வேண்டும். எழுதியதெல்லாம் பொய் என்று சொல்வார்களா? அப்பாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? யாரிடமும் சொல்லாமல் சாகும்வரை மறைத்துவிடலாமா? இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார். பிறகு, மீண்டவர்கள் கூடிப் பேசும் ஒரு கூட்டத்துக்குப் போய், யாரும் பார்க்கக்கூடாதென்று கடைசியில் ஒடுங்கி நிற்கிறார். வாசலை எட்டுவதற்குள் ஒரு பெண் வந்து, “‘அதர்சைட்’ பாட்டு இல்லாவிட்டால் நான் பிழைத்திருக்க மாட்டேன்” என்று கண் கலங்குகிறாள். அவள் குடிக்காமல் இருந்து ஒன்பது மாதம். அவருக்கு 48 மணி நேரமே ஆகியிருக்கிறது. உண்மையைச் சொல்ல நினைக்கிறார், வாய் வரவில்லை. வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கிவிட்டுக் காருக்குப் போய்விடுகிறார்.

ஓசூரில் தம்பி வீட்டில் இந்த இடத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் பாட்டை நிறுத்தச் சொன்னான். “அக்கா, அம்மா என்னைப் பற்றி யாரிடமாவது பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் இருந்தது” என்றான். எத்தனை நாளாகக் குடிக்கிறான் என்பதை அப்போதுதான் முதன்முறையாகச் சொன்னான். மறுபடி நிமான்ஸுக்குப் போகலாம் என்று சொன்னதும் அவனே. மீண்டதற்கு எடுத்துக்காட்டாக இருக்க முடிந்தால், விழுந்தபின் மறுபடி மீளத் தொடங்குவதற்கும் எடுத்துக்காட்டாக இருக்கலாம் என்று பாடலில் வரும் எண்ணத்தை அவன் அடிக்கடி சொல்வான். இப்போது குடிக்காமல் இருக்கிறான்.

நம் திரைப்பாடல்களில் குடிகாரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே குடிப்பவனுக்குக் காதல் தோல்வி இருக்கும், தத்துவம் இருக்கும். அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டிய அச்சம் இருக்காது. ராப்பில் மெட்டுக்காக வார்த்தையைக் குறைக்க வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி, யாரிடம் என்ன மறைத்தேன் என்பதுவரை சொல்ல இடம் இருக்கிறது. எங்கள் பாட்டிமார் ஒப்பாரியில் வீட்டு வழக்கையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டித் தீர்ப்பதைப் போல.

பாடலால் முடியாததும் உண்டு. பாட்டைக் கேட்ட வேகத்தில் “இன்றிலிருந்து நிறுத்துகிறேன்” என்று அறைக்குள் முடங்குவது ஆபத்து. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும், வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரிந்து, நினைவு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் மாத்திரையும் தயாமின் என்னும் வைட்டமினும் கொடுத்து இதைக் கடக்க வைப்பார்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் மருந்துகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் மதுவோடு சேர்ந்தால் உடலைத் தாக்கும் டைசல்ஃபிராம் என்னும் மருந்து இருந்து, அவர் தெரியாமல் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர்கூடப் போகலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.

பாடலைக் கேட்பதானால் முதலில் ‘அதர்சைட்’, பிறகு ‘ஸ்டார்டிங் ஓவர்’, இந்த வரிசையில் கேளுங்கள். வீட்டில் ஒருவர் குடியை விட்டுவிட்டு மறுபடி குடிக்கத் தொடங்கியிருந்தால், அவரோடு உட்கார்ந்து கேளுங்கள்.