பள்ளத்தைத் தாண்ட டைஸ் உருட்ட வேண்டுமா? (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டு, 5ஆம் பதிப்பு)

கேள்வியில் உள்ள நிலைமை: 15 அடி அகலப் பள்ளம். அக்கரையில் வில்லோடு ஒரு கோப்ளின். இக்கரையில் ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை) 15, ஸ்பீட் (ஒரு டர்னில், அதாவது தன் முறையில், நகரக்கூடிய தூரம்) 30 அடி உள்ள ஃபைட்டர் (போர்வீரர்). "தாண்டுறேன்" என்கிறார் ஆட்டக்காரர். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) என்ன கேட்க வேண்டும்?

டைஸ் கேட்க வேண்டாம். எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள். தாவுவது தனி ஆக்‌ஷன் கிடையாது, நடப்பதைப் போல மூவ்மென்ட்டிலேயே சேர்ந்தது. தாவுவதற்குச் சற்று முன் 10 அடியாவது ஓடிவந்திருந்தால், ஸ்ட்ரெங்த் ஸ்கோர் எத்தனையோ அத்தனை அடி தாண்டலாம். நின்ற இடத்திலிருந்து என்றால் அதில் பாதிதான். உயரத் தாவலுக்கு மட்டும் கணக்கு வேறு: 3 கூட்டல் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் (ஸ்கோரிலிருந்து வரும் கூட்டு எண், 15க்கு +2). இந்த ஃபைட்டருக்கு அது 5 அடி. எம்பும்போது கையையும் நீட்டலாம் என்பதால் ஆளின் உயரத்தில் ஒன்றரை மடங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறடி ஆளுக்கு 14 அடியில் உள்ள விளிம்பு எட்டும்.

வாக்குவாதம் வருவது வரைபடத்தில் கட்டம் எண்ணும்போதுதான். ஒரு கட்டம் 5 அடி. 15 அடிப் பள்ளம் என்றால் மூன்று கட்டம். ஆனால் விளிம்புக் கட்டத்திலிருந்து அக்கரைக் கட்டத்துக்குப் போக நான்கு கட்டம் நகர வேண்டும். அப்படியானால் ஸ்ட்ரெங்த் 20 வேண்டுமா? வேண்டாம் என்பது என் தீர்ப்பு. தாவல் தூரத்தைப் பள்ளத்தின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். மூவ்மென்ட்டைக் கட்டங்களில் கழியுங்கள். ஓட்டம் 10, பள்ளம் 15, இறங்கும் கட்டம் 5, ஆகமொத்தம் 30. ஸ்பீட் சரியாகத் தீர்ந்துவிடும்.

அதே ஆள் விளிம்பிலேயே நின்றுகொண்டிருந்தால் கதை வேறு. நின்றபடி 7 அடிதான் தாண்ட முடியும். பின்னால் போய் ஓடிவரலாமே என்பார்கள். பின்வாங்க 10, ஓட 10, தாண்டி இறங்க 20, மொத்தம் 40. டாஷ் (ஆக்‌ஷனைச் செலவிட்டு இன்னொரு ஸ்பீட் அளவு நகர்வது) எடுத்தால்தான் முடியும். அந்தச் சுற்றில் அட்டாக் ஆக்‌ஷன் போச்சு. இந்தப் பேரம்தான் சண்டையைச் சுவையாக்குகிறது. "சும்மா ஒரு அத்லெடிக்ஸ் உருட்டு" (உடல்திறனுக்கான டைஸ் சோதனை) என்று சொல்லும் டிஎம் இதைத் தானே கெடுத்துக்கொள்கிறார். ஸ்ட்ரெங்த்தில் புள்ளி போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

தாவலின் ஒவ்வொரு அடியும் மூவ்மென்ட்டில் கழியும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். 2014 விதிப்படி ஜம்ப் மந்திரம் தாவல் தூரத்தை மூன்று மடங்காக்கும். நம் ஆளுக்கு 45 அடி. ஆனால் ஸ்பீட் 30 தானே? ஓட்டம் போக 20 தான் மிச்சம். டாஷ் இல்லாமல் அந்த மந்திரம் பாதி வீண். (2024 பதிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள்: டர்னுக்கு ஒரு முறை, 10 அடி மூவ்மென்ட் கொடுத்து 30 அடி வரை தாவலாம்.) மூவ்மென்ட் போதவில்லை என்றால் தாவவே விடாதீர்கள். அந்தரத்தில் நிறுத்திவிட்டு அடுத்த டர்னில் இறக்கினால், நடுவில் யார் தாக்கலாம், விழுவாரா என்று பஞ்சாயத்து முடியாது.

டைஸுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. எல்லையைத் தாண்டிய தூரத்துக்கு அத்லெடிக்ஸ் கேட்கலாம். விதிநூல் இதற்கு டிசி (டைஸில் எட்ட வேண்டிய இலக்கு எண்) தருவதில்லை. எல்லைக்கு மேல் 5 அடிவரை டிசி 15 வைத்து, அதற்கு மேல் மறுத்துவிடுவது ஓடும். இறங்கும் இடம் கரடுமுரடான டிஃபிகல்ட் டெரைன் என்றால் டிசி 10 அக்ரோபேட்டிக்ஸ் (சமநிலைச் சோதனை). தோற்றால் புரோன் (தரையில் விழுந்து கிடப்பது), எழுந்திருக்க ஸ்பீடில் பாதி போகும். பக்கத்தில் எதிரி இருந்தால், தாவி விலகினாலும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகுபவர் மீது எதிரி போடும் ஒரு அடி) உண்டு.

உருட்டச் சொல்லும் முன் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். டிசியை 5 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தவறவிட்டால் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறார், அதைவிட மோசம் என்றால் விழுகிறார் என்று வைக்கலாம். விழுந்தால் 10 அடிக்கு ஒரு டி6 (ஆறுமுக டைஸ்) சேதம். 30 அடி ஆழத்துக்கு 3டி6.