ஒப்பித்தால் போதுமா?

ஐயா, ஸ்தோத்திரம்.

ராணிப்பேட்டை அருகே ஒரு சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். சிறுவர்களுக்குப் புரொஜக்டரில் படம் போடுகிறோம். வாலிபர்களுக்குச் சீஷத்துவப் பயிற்சி என்று கோடிட்ட இடம் நிரப்பும் புத்தகமும், முடிவில் சான்றிதழும் உண்டு. ஆனால் சபையின் முழு அங்கத்தினராகும் திடப்படுத்தலுக்கு வந்த பிள்ளைகளில் பலருக்குப் பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. என் தாத்தா காலத்தில் உபதேசியார், விசுவாசத்தைக் கேள்வியும் பதிலுமாகச் சொல்லும் வினாவிடையை உருப்போட வைப்பாராம். அதற்கே திரும்பலாம் என்றால், 'வெள்ளைக்காரன் காலத்துக் கிளிப்பிள்ளைப் பாடம் இப்போது எதற்கு?' என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், ராணிப்பேட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

திரும்பலாம். ஆனால் எதற்குத் திரும்புவது என்பதில் உங்களோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு இருக்கிறது.

முதலில் அந்த வெள்ளைக்காரன் விஷயம். வினாவிடை மேற்கிலிருந்து வந்தது உண்மைதான். 1579இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' கேள்வியும் பதிலுமாகவே அமைந்த தமிழ் நூல். ஆனால் சரக்கு ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தரும் அவருடைய ஏற்பாட்டை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துத் திருச்சபைப் பள்ளிகளில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு பரவியது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. உங்கள் சபைப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி உருப்போடுதல். 1853இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் நம் பகுதியில் தொடங்கிய ஆற்காடு மிஷனின் தாய்ச்சபை, 1563ஆம் ஆண்டின் ஹைடல்பெர்க் வினாவிடையைத் தன் விசுவாச நூல்களில் ஒன்றாகக் கொண்டது. அதில் 129 கேள்விகள். 52 ஞாயிறுகளுக்குப் பங்கிட்டிருக்கும். முதல் கேள்வியே, வாழ்விலும் சாவிலும் உனக்குள்ள ஒரே ஆறுதல் என்ன என்பது. பன்னிரண்டு வயதுப் பையன் இதற்கான பதிலை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுக் கிரிக்கெட் ஆட ஓடிவிடலாம், கேட்பவர் விட்டால். நீங்கள் ஒப்பிப்பவனைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கேட்பவரைப் பற்றித்தான் கவலை.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பிள்ளைகளிடம் பாடம் கேட்பார். ஒருநாள் ஒரு பையன் 121ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை, 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்று சொன்னான். இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்படியானால் ஒத்தாசை மலையிலிருந்தா வருகிறது?" என்று கேட்டார். "ஆமாம்" என்றான். "அடுத்த வசனத்தைச் சொல்." வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து என்று வந்ததும் பையன் நின்றுவிட்டான், வாசலுக்கு வெளியே தெரிந்த மலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவர் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, "நாளைக்கு இதை உன் தங்கைக்குச் சொல்லிக்கொடு. அவள் வந்து என்னிடம் ஒப்பிக்கட்டும்" என்றார்.

நன்னூல் இதைக் கணக்காகவே போட்டிருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கும் வந்துசேரும். அதை எழுதிய பவணந்தி சமணர் ஆயிற்றே என்று யாராவது தயங்கினால், ஆரணி, போளூர்ப் பக்கம் சமணக் குடும்பங்கள் நமக்கு அண்டை வீட்டார்தான் என்று நினைவூட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தைத் திறக்கலாம். நீ என்னிடம் கேட்டதை உண்மையுள்ளவர்களிடம் ஒப்படை, அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கட்டும் என்று இரண்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார்.

உங்கள் கோடிட்ட இடப் புத்தகம் அந்த அரைப் பங்கைத் தொடுவதே இல்லை. படித்தவன் யாருக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று கேட்காமலே சான்றிதழில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. மனப்பாடம் மட்டும் திரும்பி வந்தாலும் இதே கதைதான். வினாவிடையோடு பிரம்பையும் கூட்டிவந்த உபதேசியார்களும் உண்டு. அதைத் தாத்தா காலத்தோடு விட்டுவிடுங்கள். புரொஜக்டரை விற்க வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு வேண்டும்.

வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடையை எழுதியபோது, குடும்பத் தலைவர் வீட்டாருக்குச் சொல்லித்தர வேண்டிய விதம் என்றே அதன் பகுதிகளுக்குத் தலைப்பிட்டார். நம் வீடுகளில் தகப்பன்மார் பலர் இதை ஓய்வுநாள் பள்ளிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டோம்.

வரும் ஞாயிறு ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து உட்கார வையுங்கள். ஒரே ஒரு கேள்வி. பதிலை மனப்பாடமாகவும் சொல்ல வேண்டும், பிறகு தன் சொந்தப் பேச்சிலும் சொல்ல வேண்டும், அடுத்த வாரத்துக்குள் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவும் வேண்டும். மூன்றும் ஆகும்வரை இரண்டாம் கேள்விக்குப் போகாதீர்கள். பாடத்திட்டம் பின்தங்கும். ஆயர் கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.