வாசகர் கேள்விகள்: இங்கே என்ன பாட்டு ஓடுகிறது?

போன இதழில் திறந்த ஸ்டூடியோக்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். ஓவியர், சிற்பி, இசைக்கலைஞர் எனப் பலரும் ஆண்டில் சில நாட்கள் தங்கள் வேலையிடத்தின் கதவைத் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அழைக்கும் ஏற்பாடு அது. நான்கு வரிக்கு இவ்வளவு கடிதங்களா! பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எவருடைய பெயரையும் போடவில்லை.

பாட்டுச் செயலி எனக்குப் பிடித்ததைத்தான் தருகிறது. ஆனாலும் சலிப்பாக இருக்கிறது. புதிய இசையை எங்கே தேடுவது? (கல்லூரி மாணவி)

பிடித்ததையே தருகிறது என்பதுதான் சிக்கல். இந்தச் செயலிகள் போடும் கணக்குகளில் முக்கியமானது இது: நீங்கள் கேட்ட பத்துப் பாடல்களை இன்னொருவரும் கேட்டிருக்கிறார்; அவர் கூடுதலாகக் கேட்ட பதினோராவது பாடலை உங்களுக்கு நீட்ட வேண்டும். 2015-இல் ஸ்பாட்டிஃபை தொடங்கிய வாராந்தரப் பட்டியலிலும் பிறர் தொகுத்து வைத்த பிளேலிஸ்ட்டுகளே பெரும் மூலதனம். தவறில்லை, நானும் கேட்கிறேன். ஆனால் அது உங்களை உங்களைப் போன்றவர்களிடமே அனுப்பிக்கொண்டிருக்கும். உங்களைப் போல் கொஞ்சமும் இல்லாத ஒருவரின் அறைக்குள் போய் நின்றால்தான் காது விழித்துக்கொள்ளும்.

ஓவியரின் ஸ்டூடியோ அப்படிப்பட்ட அறை. மணிக்கணக்கில் தனியாக நின்று வேலை செய்பவர்களில் பலர் எதையாவது ஓடவிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். உள்ளே நுழைந்ததும், "இங்கே என்ன பாட்டு ஓடுகிறது?" என்று கேளுங்கள். கூடவே, "எந்த வேலைக்கு எதைக் கேட்பீர்கள்?" என்றும் கேளுங்கள். படச் சட்டத்துக்கு மரம் அறுக்கும்போது கேட்பதும் ஒரு முகத்தின் இமையை வரையும்போது கேட்பதும் ஒன்றாக இருக்காது. கிடைக்கும் பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பாடியவர் பெயரோடு நிறுத்தாமல், வாசித்தவர்களின் பெயர்களையும் தேடி எழுதுங்கள்.

வாசித்தவர் பெயர் எதற்கு? ஓர் உதாரணம் பாருங்கள். கடம் வித்வான் விக்கு விநாயகராம் 1970-களில், இந்திய இசையும் ஜாஸும் கலந்த 'சக்தி' குழுவில் வாசித்தார். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். அவரைப் பின்தொடர்ந்தால் 1969-இல் அவர் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுடன் செய்த பதிவுகளில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து ஜாஸ் உலகத்துக்குள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். மறுபடி விநாயகராமிடம் திரும்புங்கள். அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991-இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் அவரும் இருக்கிறார், ஜாகிர் உசேனும் இருக்கிறார். பக்கத்தில் நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுஞ்சி, பிரேசிலின் ஐர்டோ மொரெய்ரா, போர்ட்டோ ரிக்கோவின் ஜியோவன்னி ஹிடால்கோ. உலக இசைத் தொகுப்புக்கென்று கிராமியில் தனி விருது வந்தபோது அதை முதலில் வென்றது இதுதான். ஒரு கடத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள்! பழைய இசைத்தட்டுகளின் உறையில் வாசித்தவர் பெயர்கள் அச்சாகியிருந்தன. இன்று செயலியில் அவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும். எனக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு.

ஓவியரிடம் போய் இசையைப் பற்றிக் கேட்டால் அவரை மதிக்காதது போல ஆகாதா?

வரைந்ததைப் பார்க்காமலே கேட்டால் ஆகும். பார்த்துவிட்டுக் கேட்டால் மகிழ்வார்.

ஓவியர், இசைக்காரர் என்ற இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் இடையே பழைய உறவு உண்டு. 1911 ஜனவரியில் ம்யூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் இசை நிகழ்ச்சி நடந்தது. பழகிய சுரக்கட்டை உடைத்துக்கொண்டிருந்த இசை அது. கேட்டுவிட்டு வந்த ஓவியர் காண்டின்ஸ்கி ஒரு படம் வரைந்தார்: திரையெங்கும் மஞ்சள் பாய்ந்திருக்கும், நடுவே பியானோ ஒரு கறுப்பு ஆப்பு போலக் கிடக்கும். அதே மாதம், அதுவரை சந்தித்தே இராத ஷோன்பெர்குக்குக் கடிதம் போட்டார். ஷோன்பெர்கும் ஓவியம் வரைபவர். அந்த ஆண்டு முடிவதற்குள் காண்டின்ஸ்கியும் நண்பர்களும் நடத்திய கண்காட்சியில் அவருடைய படங்கள் தொங்கின. ஓவியர் பால் க்ளே சிறுவயதிலேயே பெர்ன் நகர இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். இன்னொரு ஓவியர் மோண்ட்ரியான் 1940-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தபின் பூகி-வூகி என்ற துள்ளலான பியானோ இசையில் மயங்கி, கடைசிக் காலப் படங்களுக்கு அந்தப் பெயரையே வைத்தார். ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

ஓய்வு பெற்றவன் நான். படம் வாங்கும் வசதி இல்லை. சும்மா பார்த்துவிட்டு வந்தால் தவறாக நினைப்பார்களா?

ஐயா, வாங்குபவர் மட்டும் வரட்டும் என்று நினைத்திருந்தால் ஓவியர் ஆர்ட் காலரியோடு நின்றிருப்பார். வீட்டைத் திறந்திருக்க மாட்டார். இங்கிலாந்தின் பிரைட்டனில் 1982-இல் நெட் ஹாஸ்கின்ஸ் என்ற ஓவியர் தன் வீட்டிலேயே படங்களை மாட்டி மக்களை வரச் சொன்னார். அக்கம்பக்கத்துக் கலைஞர்களும் சேர்ந்துகொள்ள, அது அந்த நகரத்தின் விழாவாகவே ஆகிவிட்டது. கண்ணாடிப் பெட்டியும் காவலாளியும் இல்லாமல் படத்தின் முன் நிற்க விரும்புகிறவர் எவரானாலும் அங்கே விருந்தாளிதான்.

பணத்துக்குப் பதிலாக நல்ல கேள்வி ஒன்றைக் கொண்டுபோங்கள். "இதற்கு என்ன அர்த்தம்?" வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்திருக்கும். "இதில் நீங்கள் அழித்துவிட்டு மறுபடி வரைந்த இடம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். "முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது?" என்பதும் நல்ல கேள்வி. பேசத் தெரியாதவர் என்று பெயரெடுத்த கலைஞர்கூட இதற்கு மேசை இழுப்பறையைத் திறந்து பழைய கோட்டோவியங்களை எடுத்துப் போடுவார். அந்த இழுப்பறைதான் ஸ்டூடியோவின் உண்மையான காட்சிக்கூடம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: தொடாதீர்கள். எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாகிக் காய்வது போலக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. மேலே காய்ந்தது போலத் தெரியும். தடிமனாகப் பூசிய இடம் உள்ளே மாதக்கணக்கில் இளக்கமாகவே இருக்கும். உங்கள் விரல் ரேகை அதில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

போட்டோ எடுத்தேன். ஓவியர் கடிந்துகொண்டார். இது நியாயமா?

நியாயம்தான். இன்னும் வரைந்து முடிக்காத படமாக இருக்கும் அது. கேட்டுவிட்டு எடுத்திருக்கலாமே.

ஓர் அச்சோவியத்தின் கீழ் பென்சிலால் '7/30' என்று இருந்தது. முதல் எண்ணுள்ள படிக்கு மதிப்பு அதிகமா?

ஒரே மூலத்திலிருந்து அச்சிட்ட முப்பது படிகள் கொண்ட பதிப்பில் ஏழாவது என்று பொருள். எண் போட்ட வரிசையில்தான் அச்சிட்டார்கள் என்று நம்ப வேண்டாம். காயப்போட்டு அடுக்கும்போது வரிசை குலைவது சாதாரணம். லினோலியத்தைச் செதுக்கி எடுக்கும் லினோ அச்சு, ஸ்கிரீன் அச்சு போன்றவற்றில் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் வேறுபாடு தெரியாது. செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறும் முறை முக்கியமான விதிவிலக்கு. கீறலின் ஓரத்தில் எழும்பும் மெல்லிய உலோகப் பிசிறுதான் அங்கே வெல்வெட் போன்ற கோட்டைத் தருகிறது. அழுத்தம் பட்டுப் பட்டு அது தேய்ந்துவிடும். அப்படிப்பட்ட படைப்பு என்றால் முந்திய படி எது என்று கேட்பதில் அர்த்தம் உண்டு. 'ஏ.பி.' என்று எழுதியிருந்தால் கலைஞர் தனக்கென எடுத்துவைத்த படி. 'ஜிக்லே' என்று பெரிதாகப் பெயர் சொன்னால் மிரளாதீர்கள். அது நல்ல மையில் எடுத்த இங்க்ஜெட் அச்சு.

இசைப்பதிவு அறை ஒன்றைத் திறந்துவைக்கிறார்களாம். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. அங்கே போய் என்ன செய்வேன்?

பொத்தான்களைப் பார்த்துப் பிரமித்துவிட்டு வராதீர்கள். பதிவு செய்த பாட்டு தனித்தனி இழைகளாக இருக்கும்: குரல் ஒன்றில், பேஸ் கிட்டார் ஒன்றில், டிரம்ஸ் பலவற்றில். ஒரே பாட்டில் குரலை மட்டும் தனியாகப் போடச் சொல்லுங்கள். பாடகர் மூச்சு வாங்குவது, உதடு பிரிவது எல்லாம் கேட்கும். அடுத்து பேஸை மட்டும் நீக்கிவிட்டுப் போடச் சொல்லுங்கள். அதுவரை காதில் விழாத ஏதோ ஒன்று இல்லாமல் போனதும் பாட்டு தொய்வது தெரியும். அதன்பின் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அடியில் ஓடும் பேஸைக் காது தானாகத் தேடும். ராகம் தெரிந்தவர்களிலும் பலருக்கு இந்தப் பழக்கம் கிடையாது.

சுவரில் ஒட்டியிருக்கும் கரடுமுரடான நுரைப் பஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிச் சத்தத்தைத் தடுக்க அது என்று பலர் நினைக்கிறார்கள். அறைக்குள் எழும் எதிரொலியை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. வெளிச் சத்தத்தை நிறுத்த கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்.

ஸ்டூடியோவில் ஒருவர் வாசித்துக் காட்டிய இசை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பொய் சொல்லவா?

வேண்டாம். "எனக்கு இது புதிது, பழகவில்லை" என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளே புரியாத சொற்களும் எழுத்துகளும்கூட அதிக முறை கண்ணில் பட்டபோது மக்களுக்கு அதிகம் பிடித்துப்போயின. இசைக்கும் இது பெருமளவு பொருந்துகிறது. சில நாள் இடைவெளி விட்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல், இரண்டு மூன்று முறை கேளுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ரசிப்பது கடமை அல்ல.

கலைஞர்கள் ஏன் இவ்வளவு கர்வமாக இருக்கிறார்கள்?

காலை முதல் வந்தவர்களில் பாதிப்பேர், "இதை என் பிள்ளையே வரைவான்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் மாலையில் போயிருக்கிறீர்கள்.

சந்தித்த இசைக்கலைஞருக்கு ஏதாவது செய்ய ஆசை. செயலியில் நூறு முறை கேட்டால் போதுமா?

நூறு முறை கேட்டாலும் அவர் கைக்குப் போவது சொற்பம். நேரில் அவரிடமே குறுந்தகடோ இசைத்தட்டோ வாங்குங்கள். இணையத்தில் என்றால் 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் வாங்கலாம். அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பங்கு 15 சதவிகிதம். 2020 மார்ச் முதல் சில குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் பேண்ட்கேம்ப் தன் பங்கையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு வேலை: கலைஞரின் பெயரை எப்படி எழுத்துக்கூட்டித் தேட வேண்டும் என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல குழுக்கள் இருக்கும். உங்கள் பணம் வேறு யாருக்கோ போய்விடும்.