தலைவருக்கு எண்பது தாண்டிவிட்டது, கொரியப் பங்கை வைத்துக்கொள்ளலாமா?

சியோலில் வேலை பார்க்கும் மகன் சொன்னான் என்று ஒரு வாசகர் கொரியக் குழுமம் ஒன்றின் பங்கை வாங்கியிருக்கிறார். அதன் தலைவருக்கு எண்பது தாண்டிவிட்டது, அவருக்கு அப்புறம் நம் பணம் என்னாகும் என்பது வாசகரின் கவலை. விற்ற தரகரோ, "அங்கே கன்பூசியஸ் வழி சார், முதலாளி அப்பா மாதிரி, சின்னப் பங்குதாரரைக் கைவிட மாட்டார்" என்றாராம்.

அப்பாதான், ஆனால் உங்களுக்கு இல்லை. அந்த மரபில் வாரிசு என்றால் ஆண் பிள்ளை. எல்ஜி தலைவர் கூ பொன்-மூவின் ஒரே மகன் 1994-ல் இறந்தார். இரண்டு மகள்கள் இருந்தும் 2004-ல் தம்பி மகனைத் தத்தெடுத்தார். 2018-ல் அந்தப் பிள்ளைதான் தலைவர், 2023-ல் மனைவியும் மகள்களும் சொத்துப் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள்.

உங்களுக்கு அடி விழுவது இப்படிக் கைமாறும்போதுதான். பெரிய பங்குதாரரின் வாரிசுக்குப் பரம்பரைச் சொத்து வரி 60 சதவீதம் வரை வரும், அதனால் காசு போட்டுப் பங்கு வாங்குவதைவிடக் கம்பெனிகளை இணைத்துப் பிடியை வளர்ப்பது லாபம். 2015-ல் சாம்சங் சி அண்ட் டி, அதே குழுமத்தின் செயில் இண்டஸ்ட்ரீஸோடு இணைந்தபோது சி அண்ட் டி பங்கு ஒன்றுக்குச் செயிலின் 0.35 பங்குதான் கிடைத்தது. வாரிசு லீ ஜே-யோங்குக்குச் செயிலில் 23 சதவீதம், சி அண்ட் டியில் ஒன்றுமே இல்லை. கணக்கு புரிகிறதா? சி அண்ட் டி பங்குக்குக் குறைவாகக் கொடுத்தால், இணைந்த கம்பெனியில் வாரிசின் பிடி பெரிதாகும். இணைப்பில் மோசடி இல்லை என்று 2025-ல் உச்ச நீதிமன்றமே முடித்துவிட்டது, சரி. லஞ்ச வழக்கில் அவர் பெற்ற தண்டனைக்கும் 2022-ல் மன்னிப்புக் கொடுத்தாயிற்று, பொருளாதாரத்துக்கு அவர் தேவையாம்!

முதலாளி குடும்பத்தைச் சேராத சுயேச்சை இயக்குநர்களின் பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள், பெரியவர் பேசும்போது குறுக்கே பேசுகிற ஆள் அதில் அரிது. கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்தின் காலத்தில் ராஜாவிடம் 'இது தப்பு' என்று சொல்வதற்கென்றே சாகன்வொன் என்று ஓர் அலுவலகம் இருந்தது, அதுவும் கன்பூசியம்தான். குழுமங்கள் கும்பிடுவதை மட்டும் வைத்துக்கொண்டன.

2019-ல் கொரியன் ஏர் தலைவர் சோ யாங்-ஹோவைப் பங்குதாரர்களே இயக்குநர் பதவியிலிருந்து இறக்கினார்களே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அவருக்கு விழுந்த ஆதரவு 64 சதவீதம். அந்தக் கம்பெனி விதியில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றிருந்ததால் தோற்றார், பாதிக்கு மேல் போதும் என்கிற கம்பெனியாக இருந்தால் ஜெயித்திருப்பார். அதை நம்பி எல்லாக் கம்பெனியிலும் பணம் போடாதீர்கள். இயக்குநர் பங்குதாரருக்கும் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதவே 2025 ஆகிவிட்டது.

விற்பதா வைப்பதா என்பதற்கு முன், வாரிசு பெயரில் எந்தக் கம்பெனிப் பங்கு அதிகம் என்று பாருங்கள். அதே பங்கு உங்களிடம் இருந்தால் ஓரளவு நிம்மதி, அதோடு இணையப்போகிற கம்பெனி என்றால் நான் விற்றுவிடுவேன். டார்ட் என்கிற அரசுத் தளத்தில் பெரும் பங்குதாரர் விவரம் இலவசமாகவே கிடைக்கும், மகனை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதையே 'உள் தகவல்' என்று மாதச் சந்தா வாங்கி விற்கிற வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தால் இன்றைக்கே வெளியே வாருங்கள்.